தோட்டா சொன்னபடி ஆடிய துப்பாக்கி

2014 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்குள் தொல்லியல் வேலையாகப் போனவர்கள் ஒரு ஜூனிபர் மரத்தடியில் துப்பாக்கி ஒன்றைப் பார்த்தார்கள். யாரோ மரத்தில் சாய்த்துவிட்டு இதோ வந்துவிடுகிறேன் என்று போன மாதிரி நின்றுகொண்டிருந்தது. கட்டை வெயிலிலும் பனியிலும் வெளுத்து வெடித்து மரப்பட்டையின் நிறத்துக்கே வந்திருந்தது, இரும்பெல்லாம் துரு, அடிப்பக்கம் சில அங்குலம் மண்ணுக்குள். வின்செஸ்டர் கம்பெனியின் 1873 மாடல். வரிசை எண்ணை வைத்துக்கொண்டு வயோமிங்கில் உள்ள கோடி நகர அருங்காட்சியகத்தின் பழைய ஆலைப் பதிவேடுகளில் தேடியபோது, 1882-இல் ஆலையை விட்டு வெளியே போனது என்பது தெரிந்தது. யார் வாங்கினார், யார் மறந்தார் என்பதற்குப் பதிவேட்டில் பதில் இல்லை.

செய்தி வெளியானபோது எல்லோரும் அந்த மறதிக்காரரைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. இந்த மாடலில் கட்டையின் அடியில், குழலைத் துடைக்கும் கம்பிகளை வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பொந்து இருக்கும். அருங்காட்சியகத்தில் சோதித்தபோது அந்தப் பொந்துக்குள் ஒரே ஒரு தோட்டா கிடைத்தது. யூனியன் மெட்டாலிக் கேட்ரிட்ஜ் கம்பெனி 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்த 44 காலிபர் தோட்டா. ஆக, 1887-க்கு முன்னால் அந்தத் துப்பாக்கியை யாரும் அந்த மரத்தடியில் விட்டுப் போயிருக்க முடியாது. துப்பாக்கி தன் பிறந்த வருஷத்தை மட்டும்தான் சொன்னது. தொலைந்த காலத்தைப் பற்றி வாய் திறந்தது தோட்டா.

லீவர் துப்பாக்கிகளின் கதை முழுக்கவே இப்படித்தான். சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு உருவம் ஞாபகம் இருக்கும்: விசைக்கு அடியில் ஒரு இரும்பு வளையம், அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலி உறை வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா உள்ளே போகும், குதிரையும் தானாகப் பின்னால் சாய்ந்து நிற்கும். குதிரை என்றால் தோட்டாவின் பின்பக்கத்தில் அடி விழச் செய்யும் சுத்தியல், நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வாயில் புழங்கிய சொல்தான். சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பேசுவது செதுக்கு வேலை, எண்கோணக் குழல், வால்நட் கட்டை, நீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையெல்லாம்தான். அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மாடல் ஏன் அப்படி இருந்தது, ஏன் அடுத்த மாடல் வந்தது என்று கேட்டால் பதில் ஒவ்வொரு தடவையும் தோட்டாவில்தான் இருக்கிறது. முதலில் தோட்டா மாறியது, துப்பாக்கி அதன் பின்னாலேயே ஓடியது.

ஆரம்பமே ஒரு மோசமான தோட்டாவோடுதான். 1848-இல் வால்டர் ஹண்ட் என்பவர், ஈயக் குண்டின் அடிப்பக்கத்தைக் குடைந்து அதற்குள்ளேயே மருந்தை அடைத்து ஒரு காப்புரிமை வாங்கினார். ராக்கெட் பால் என்று பெயர். தனியாக உறை கிடையாது, சுட்ட பிறகு வெளியே எடுத்துப் போடவும் ஒன்றும் கிடையாது, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. குண்டின் வயிற்றுக்குள் எவ்வளவு மருந்து பிடிக்கும்? அதுதான் சிக்கல். இதை எடுத்துச் சீர்செய்ய முயன்றவர்கள் ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும். ஆமாம், பிற்பாடு ரிவால்வருக்குப் பேர் போன அதே ஜோடி. அவர்கள் முயற்சி வால்கானிக் என்ற கம்பெனியாக மாறி, அது கடனில் மூழ்கி, 1857-இல் நியூ ஹேவன் நகரத்தின் சட்டை வியாபாரி ஆலிவர் வின்செஸ்டர் கைக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கி செய்யத் தெரியாத மனிதர். தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்கத் தெரிந்திருந்தது.

அந்த ஒருவர் பெஞ்சமின் டைலர் ஹென்றி. அவர் எந்திரத்தில் பெரிதாகக் கை வைக்கவில்லை, தோட்டாவை மாற்றினார். செம்பில் உறை, உறையின் விளிம்பு மடிப்புக்குள் அடித்தால் தீப்பற்றும் கலவை, உள்ளே கருமருந்து, முன்னால் ஈயக் குண்டு. 1860 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. குழலுக்கு அடியில் நீளமாக ஒரு தகரக் குழாய் மாதிரி மேகசின், அதில் 15, 16 தோட்டா அடுக்கிவிடலாம். அந்தக் காலத்துச் சிப்பாய் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கஜக்கோலால் இடித்து, நிமிடத்துக்கு மூன்று வேட்டு சுட்டால் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த ஹென்றிக்கு மரியாதையாக வின்செஸ்டரின் ரிம்ஃபயர் தோட்டாக்களின், அதாவது விளிம்பில் அடித்தால் வெடிக்கும் தோட்டாக்களின், பிட்டத்தில் நெடுங்காலம் ஹெச் என்ற எழுத்து பொறிக்கப்பட்டது.

ஆனால் விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் முறைக்கு ஒரு உள்ளார்ந்த வரம்பு உண்டு. ஊசி அடித்தால் நசுங்கும் அளவுக்கு அந்த விளிம்பு மெல்லிசாக இருந்தாக வேண்டும், மெல்லிசாக இருக்கும் உறை அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால் ஹென்றி தோட்டாவில் 25 முதல் 28 கிரெயின் மருந்துதான். அதே காலத்து ராணுவ மஸ்கட்டில் 60 கிரெயின். கிரெயின் என்பது பழைய வாற்கோதுமை மணி எடை, நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் ராணுவத் தளவாட அதிகாரிகள் இந்தத் துப்பாக்கியை மொத்தமாக வாங்காமல் தயங்கியதற்குப் பழமைவாதம் மட்டும் காரணமில்லை, அவர்கள் கணக்கில் அது வேகமாகச் சுடும் ஒரு சின்னத் துப்பாக்கி, அவ்வளவுதான். 1866 வரை மொத்தமே 14,000 போலத்தான் செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பு அன்று உலகத்துக்கே பெரும்பாலும் வந்தது பீகார் மண்ணிலிருந்து, கல்கத்தா வழியாக, ஆங்கிலேயர் கையால். 1861-இல் கருமருந்து ஆலை நடத்திய டூபான்ட் குடும்பத்து லாமோட் டூபான்ட், உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் தரப்புக்காக லண்டன் சந்தையில் இருந்த சரக்கை அள்ள இங்கிலாந்துக்கே போனார். அதே நேரம் கடலில் ஒரு கப்பல் விவகாரத்தில் இரண்டு நாடும் முறைத்துக்கொள்ள, பிரிட்டன் சரக்கைக் கப்பலேற்ற விடாமல் நிறுத்தி வைத்தது, சமாதானம் ஆன பிறகுதான் விட்டது. காமிக்ஸில் பார்த்த வெள்ளைப் புகையில் கொஞ்சம் பீகார் கிராமத்து மண்ணும் இருந்தது என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் வேடிக்கையாக இருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். 1866 மாடல் அதே வலுக்குறைந்த தோட்டாவோடுதான் வந்தது. பெரிய மாற்றம் நெல்சன் கிங் என்பவர் கொண்டுவந்த பக்கவாட்டுக் கதவு. ஹென்றியில் மேகசின் குழாயின் அடியில் நீளமாக ஒரு வெட்டு திறந்தே கிடக்கும், மண்ணும் தூசியும் உள்ளே போகும், அதில் நகரும் ஒரு முளை இடது கைவிரலில் வந்து முட்டி நிற்கும், நிரப்ப வேண்டுமென்றால் துப்பாக்கியை நிமிர்த்தி முன்பக்கத்தைத் திருப்ப வேண்டும். கிங், எந்திரம் உட்காரும் இரும்புப் பெட்டியின் வலது பக்கத்தில் வில் வைத்த ஒரு சின்ன மூடி வைத்தார், தோட்டாவைக் கட்டைவிரலால் அதற்குள் தள்ளிக்கொண்டே இருக்கலாம். இன்று செய்கிற லீவர் துப்பாக்கியிலும் பெரும்பாலும் அதே கதவுதான். வில் கடினமாக இருந்தால் இருபதாவது தோட்டாவுக்குள் கட்டைவிரல் நகம் சிவந்துவிடும், இது அனுபவம்.

பித்தளை நிறத்தில் மின்னிய இந்த மாடலை உஸ்மானியத் துருக்கி ஆயிரக்கணக்கில் வாங்கி, 1877-இல் பிளெவ்னாவில் ரஷ்யர்களுக்கு எதிராகப் பயன்படுத்தியது. தூரத்தில் வரும்போது வலுவான ஒற்றை வேட்டு பீபாடி-மார்ட்டினி, அகழிக்கு அருகில் வந்துவிட்டால் வின்செஸ்டர். ஒன்றால் முடியாததை இன்னொன்று செய்தது. அதற்கு முந்தின வருஷம் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் ஆட்களிடம் இருந்ததும் ஒற்றை வேட்டு ஸ்பிரிங்ஃபீல்ட்தான். எதிரில் இருந்த லகோடா, செயென் பூர்வகுடி வீரர்களில் கணிசமானவர்களிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. இது எப்படித் தெரியும் என்றால், மறுபடியும் தோட்டாதான். 1983-இல் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை தெரிந்தது, அடுத்த வருஷம் தொல்லியலாளர்கள் உலோகம் தேடும் கருவியோடு இறங்கி உறைகளை ஒவ்வொன்றாக இடம் குறித்து எடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் உறையில் ஒரு தனித் தடம் விடும். ஹென்றிக்கு விளிம்பின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குத்தும் இரட்டை ஊசி. அந்தத் தடங்களைச் சேர்த்துப் பார்த்து, ஒரே துப்பாக்கி மேட்டில் எந்தெந்த இடத்துக்கு நகர்ந்தது என்றுகூட வரைபடம் போட்டுவிட்டார்கள்.

1873-க்கு வருவோம், இதுதான் திருப்பம். தீப்பற்றும் கலவை விளிம்பிலிருந்து நடுவில் தனியான ஒரு பிரைமருக்குப் போனது. இனி உறையைத் தடிமனாகப் பித்தளையில் செய்யலாம், 40 கிரெயின் மருந்து, 200 கிரெயின் குண்டு, அதாவது 13 கிராம் ஈயம். இதற்கு ஆலை வைத்த பெயர் 44 டபிள்யூசிஎஃப், அதாவது வின்செஸ்டர் சென்டர் ஃபயர், ஊர் வைத்த பெயர் 44-40. இன்னொரு விஷயம், கணக்குப் போடாமல் கடந்து போகக் கூடாதது: நடு பிரைமர் என்றால் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தி உறையை மறுபடி நிரப்பலாம். பக்கத்துக் கடை மூன்று நாள் குதிரைப் பயணம் என்று வாழ்ந்தவர்களுக்கு வேகத்தைவிட இது பெரிது. வின்செஸ்டரே பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவியை விற்றது, அடுப்பில் ஈயம் உருக்கி ராத்திரி உட்கார்ந்து தோட்டா நிரப்பலாம். கோல்ட் கம்பெனியும் தன் ரிவால்வரை இதே தோட்டாவுக்குச் செய்து விற்றதால் இடுப்பில் ஒரே வகை இருந்தால் போதும் என்றானது. 1873 மாடல் ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். முதல் எண் காலிபர், அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு. இரண்டாவது எண் கருமருந்து எத்தனை கிரெயின். 45-70 என்றால் 0.45 அங்குலக் குண்டு, 70 கிரெயின் மருந்து. நல்ல ஒழுங்கான முறை என்று நினைக்கும்போதே, 38-40 என்று ஒன்று வரும், அதன் குண்டு உண்மையில் 0.40 அங்குலம். 44-40-இன் குண்டு 0.427. 30-30 புகையற்ற மருந்துத் தோட்டா, ஆனாலும் பழைய பழக்கத்தில் மருந்தின் எடையையே பெயரில் வைத்துவிட்டார்கள். 30-06 என்றால் 6 கிரெயின் இல்லை, 1906-ஆம் வருஷம். 250-3000 என்றால் நொடிக்கு 3,000 அடி வேகம் என்ற விளம்பரம். நம் ஊர்களில் வீட்டு எண் பழையது, புதியது என்று இரண்டு எழுதியிருப்பார்களே, அந்தக் கதைதான்.

இனி எந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், ஏனென்றால் அடுத்து வருவது எல்லாம் அதனால்தான். ஹென்றி முதல் 1876 வரை எல்லா மாடலுக்கும் பூட்டு ஒரே மாதிரி: முழங்கால். நிமிர்ந்து நிற்கும்போது முழங்கால் எவ்வளவு எடையையும் தாங்கும், கொஞ்சம் மடக்கி நின்றால் யாரோ பின்னால் தட்டினாலே விழுந்துவிடுவோம். துப்பாக்கிக்குள் அப்படி மூட்டு வைத்த இரும்புத் துண்டுகள், லீவரை மூடினால் நேராகி, தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைத் தாங்கும், திறந்தால் மடங்கும். வெடிக்கும் அழுத்தம் முழுவதும் அந்த மூட்டின் சின்ன முளைகளில்தான் போய் விழும். அதனால் அழுத்தத்துக்கு ஒரு உச்சவரம்பு. இரண்டாவது வரம்பு நீளம். மேகசினிலிருந்து வரும் தோட்டாவை மேலே தூக்கித் தரும் பித்தளைக் கட்டை ஒரு லிப்ட் மாதிரி, அதன் அளவுக்குத் தோட்டா சரியாக இருக்க வேண்டும், ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்; நீளமாக இருந்தால் நுழையாது, ரொம்பக் குட்டையாக இருந்தால் அடுத்தது பின்னாலேயே வந்து இடிக்கும், எந்திரம் நின்றுவிடும்.

44-40 மானுக்குப் போதும். எருமைக்கும் கரடிக்கும் அன்றைய வேட்டைக்காரர்கள் 45-70 கேட்டார்கள், அது அமெரிக்க ராணுவத்தின் சொந்தத் தோட்டா. வின்செஸ்டர் 1873-ஐ அப்படியே ஊதிப் பெரிதாக்கி 1876 மாடலைக் கொண்டுவந்தது, அப்போதும் 45-70 அதற்குள் நுழையவில்லை, நீளம் இடித்தது. என்ன செய்தார்கள்? மருந்தைக் கூட்டி, உறையைக் குட்டையாக்கிப் பருமனாக்கி, 45-75 என்று தனியாக ஒரு தோட்டாவையே படைத்தார்கள். கனடாவின் குதிரைப் போலீஸ் அந்தத் தோட்டாவுக்கான கார்பைன்களை, அதாவது குட்டைக் குழல் துப்பாக்கிகளை, வாங்கியது. எனக்கு இந்த மாடல் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. தன் சக்திக்கு மீறி முயன்ற ஒரு வடிவமைப்பின் கடைசி மூச்சு அது, பார்க்கவும் பிரம்மாண்டமாக இருக்கும், தூக்கினால் தோள் வலிக்கும்.

முழங்கால் போதாது என்பதை யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரிலிருந்து வந்த ஜான் மோசஸ் பிரவுனிங் தீர்த்தார். 1886 மாடலில் அவர் செய்தது, சொல்லும்போது மிக எளிமையானது: போல்ட்டின் இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள்கள், லீவரை மூடினால் கீழிருந்து எழும்பிப் பெட்டியையும் போல்ட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். நம் கோயில் கதவுகளின் குறுக்குத் தாழ் மாதிரி, இங்கே நிமிர்ந்து நிற்கிறது. 45-70 அலட்டாமல் உள்ளே போனது. அதையே சுருக்கி 44-40-க்கு ஏற்றபடி 1892 மாடல். ஒரு மாதத்துக்குள் மாதிரியைச் செய்து தருகிறேன், இல்லாவிட்டால் காசு வேண்டாம் என்று பிரவுனிங் பந்தயம் கட்டியதாகச் சொல்வார்கள். பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களில் 1870-களில் நடக்கும் கதையிலும் ஆட்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த 1892-தான், கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் படம் பார்க்க முடியாது.

இதற்கிடையில் 1884-இல் பிரான்ஸில் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். கருமருந்தில் வேகத்துக்கு ஒரு கூரை உண்டு, அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் புகைதான் கூடும், வலு வேண்டுமென்றால் குண்டைப் பெரிதாக்க வேண்டியதுதான். புகையற்ற மருந்து அந்தக் கூரையைப் பிய்த்துப் போட்டது. சின்னக் குண்டு, அதிக வேகம், அதிக அழுத்தம். ஆனால் பழைய மென்மையான குழல் இரும்பு அந்தச் சூட்டையும் செம்புறை போட்ட குண்டையும் நெடுநாள் தாங்காது. 1894 மாடல் எந்திரமாகத் தயாராக இருந்தும் முதல் வருஷம் 32-40, 38-55 என்ற கருமருந்துத் தோட்டாக்களோடுதான் வெளியே வந்தது, நிக்கல் சேர்த்த எஃகுக் குழல் வந்த பிறகு 1895-இல் 30-30 சேர்ந்தது. அதற்கப்புறம் சொல்ல வேண்டியதில்லை. 2006-இல் நியூ ஹேவன் ஆலை மூடப்படும்வரை 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். மார்லின் கம்பெனி அதே தோட்டாவைத் தன் துப்பாக்கிக்கு எடுத்துக்கொண்டபோது டபிள்யூசிஎஃப் என்று போட்டியாளர் பெயரைத் தன் குழலில் பொறிக்கப் பிடிக்காமல் 30-30 என்று போட்டது, கடைசியில் நின்றது அந்தப் பெயர்தான்.

ஒரு தொல்லை மட்டும் கடைசிவரை விடவில்லை. குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், ஒன்றின் மூக்கு முன்னாலிருப்பதன் பிரைமரில் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால், சுடும்போது ஏற்படும் உதைப்பில் மேகசினுக்குள்ளேயே வெடிக்க வாய்ப்பு. அதனால் மூக்கு தட்டையாகவே இருக்க வேண்டும், தட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். பிரவுனிங் 1895 மாடலில் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு விசைக்கு முன்னால் பெட்டி மேகசின் வைத்தார், முதல் உலகப் போரில் ரஷ்யா அதைத் தன் ராணுவத் தோட்டாவுக்கு ஏற்றபடி 2.9 லட்சத்துக்கு மேல் வாங்கியது. இந்த நூற்றாண்டில் நுனியில் ரப்பர் மாதிரி நசுங்கும் பிளாஸ்டிக் வைத்த கூர்மூக்குக் குண்டுகள் வந்து குழாய்க்காரர்களுக்கும் விமோசனம் கிடைத்தது.

இப்போது சுடுவதைப் பற்றி. அசல் 1866-ஐச் சுட நினைத்தால் ஆசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதன் ரிம்ஃபயர் தோட்டா செய்வதை நிறுத்தித் தலைமுறைகள் ஆகிவிட்டன. கையில் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை, வெறும் அலங்காரம். மாறாக 1873-க்கு 44-40 இன்றும் கடையில் கிடைக்கிறது. இத்தாலியின் உபெர்ட்டி மாதிரி கம்பெனிகள் பழைய மாடல்களை அச்சு அசலாகப் புதிய எஃகில் செய்து விற்கின்றன, ஜப்பானில் மிரோகு ஆலை வின்செஸ்டர் பெயரிலேயே செய்கிறது. அமெரிக்காவில் வாழும் நண்பர் ஒருவரின் இத்தாலிய 73-தான் நான் சுட்டது. அசல் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் புரிந்துகொள்கிறேன், ஆனால் 140 வயதுப் பெட்டிக்கு முன்னால் முகத்தை வைக்க நகலே போதும் என்பது என் கட்சி.

அசலை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறைக்குள், போகிறது என்பதால் சுடலாம் என்று அர்த்தமில்லை. இதற்குப் பழைய சாட்சியே இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் வின்செஸ்டர் 1892 மாடலின் வலுவை நம்பி 44-40-இல் அதிவேகத் தோட்டா விற்றது, 1873-இல் போட வேண்டாம் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்தது. அளவு ஒன்றுதான், அதே பித்தளை, அதே பெயர். ஒன்று தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு, இன்னொன்று முழங்காலுக்கு. இன்றைய தர அளவில் 44-40-க்கு அனுமதித்த அழுத்தம் 30-30-இல் மூன்றில் ஒரு பங்குதான். 45-70-க்கு நிரப்பும் கையேடுகள் பழைய ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு பட்டியல், லீவர் துப்பாக்கிக்கு ஒன்று, நவீன ஒற்றை வேட்டுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துப் போடுவதும் இதனால்தான். மூன்றாவது பட்டியலில் உள்ளதை முதலாவதில் போட்டவர் மறுபடி கையேடு படிக்க உட்காருவாரா என்பது சந்தேகம்.

பழைய குழல்களின் உள்விட்டமும் ஒரே சீராக இருக்காது. அதனால் தெரிந்தவர்கள் முதலில் மென்மையான ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தட்டித் தட்டி மறுபக்கம் எடுப்பார்கள். அதில் பதிந்த வரிப்பள்ளங்களை அளந்து, அதைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிதாகக் குண்டு வார்ப்பார்கள். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும். உறைக்குள் கருமருந்தைக் கொஞ்சமும் காலி இடம் விடாமல், குண்டு லேசாக அழுத்தும்படி நிரப்ப வேண்டும். 44-40-இன் உறை வாய் காகிதம் மாதிரி மெல்லிசு, நிரப்பும்போது கொஞ்சம் சரிந்தாலும் சுருங்கிப் பாழாகும், திட்டிக்கொண்டே அடுத்ததை எடுப்பார்கள். ஆனால் அந்த மெல்லிய வாய்தான் வெடித்ததும் விரிந்து சேம்பரை அடைத்துவிடும், புகையும் கசடும் எந்திரத்துக்குள் வராது. அழுத்தம் குறைவான தோட்டாவுக்குத் தேவையான புத்தி அது, கெட்டியான உறையுள்ள தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தால்தான் அருமை தெரியும், பத்தாவது வேட்டிலேயே லீவர் கரகரக்கும்.

துப்பாக்கி நாலு கிலோவுக்குப் பக்கம். அடிக்கட்டை பிறை மாதிரி வளைந்திருக்கும், நம்மவர்கள் நவீனப் பழக்கத்தில் தோள் குழியில் வைப்பார்கள், பிறையின் இரண்டு கொம்பும் குத்தும். அதை மேற்கையில், தோளுக்குச் சற்று வெளியே வைத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்க வேண்டும். விசையை அழுத்தினால் நவீன ரைபிளின் வெடுக்கென்ற அறை இல்லை, ஒரு நிதானமான தள்ளல். வெள்ளைப் புகை எழும்பி இலக்கை மறைத்துவிடும், பட்டதா இல்லையா என்று கண்ணால் தெரியாது, புகைக்கு அப்பால் இரும்புத் தட்டிலிருந்து டங் என்ற சத்தம் வரும், நூறு கெஜத்தில் அரை நொடிக்கு மேல் கழித்து. மூக்கில் தீபாவளி விடிகாலை வாசனை. காற்று இல்லாத நாளில் புகை விலகக் காத்திருந்துதான் அடுத்ததைச் சுட வேண்டும், பிளெவ்னா அகழியில் வரிசையாக இப்படிச் சுட்டபோது எதைத்தான் பார்த்தார்களோ.

நூறு கெஜத்துக்குக் குறி வைத்துச் சரிசெய்த 44-40, இருநூறு கெஜத்தில் கிட்டத்தட்ட மூன்று அடி கீழே போய் விழும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் நவீன ரைபிளுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதுதான் சுவாரசியமே. பின்குறியின் படிக்கட்டுத் தகட்டை ஒரு படி ஏற்றி, தூரத்தைக் கண்ணால் கணக்குப் போட்டு, தப்பாகப் போட்டு, அடுத்ததில் திருத்த வேண்டும். 1980-களில் கலிபோர்னியாவில் தொடங்கிய கௌபாய் சுடுபோட்டிகளில் இதே துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு பத்து வேட்டை நாலைந்து நொடிக்குள் முடிக்கிறார்கள், லீவரின் வீச்சைக் குறைக்க உள்பாகங்களை மாற்றி, உதைப்பே தெரியாத அளவு மருந்தைக் குறைத்து. திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் 38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில் அரை மருந்து போட்டுச் சுடும்போது அந்தக் காலத்தவர் எதோடு மல்லுக்கட்டினார் என்பது கைக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அப்புறம் கழுவும் படலம். கருமருந்தின் கசடு உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவந்துவிடும். விலை உயர்ந்த எண்ணெய் எதுவும் வேண்டாம், சோப்புத் தண்ணீரைச் சூடாக்கி ஊற்ற வேண்டும், முதலில் வருவது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், தெளிந்து வரும்வரை ஊற்றி, துடைத்து, சூட்டோடு காயவிட்டு எண்ணெய் தடவ வேண்டும். உறைகளையும் அன்றே தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை பச்சை பிடிக்கும். 44-40 உறை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம், அதனால் யாரும் தரையில் விட்டுவிட்டு வர மாட்டார்கள். 73 உறையை நேராகத் தலைக்கு மேலே தூக்கிப் போடும், சில சமயம் தொப்பியில் விழும், சட்டைக் காலருக்குள் ஒருமுறை சுடச்சுட விழுந்தது. அன்று முப்பது சுட்டோம். இருட்டுகிற நேரம், நண்பரும் நானும் குனிந்தபடி புல்லைக் காலால் விலக்கித் தேடி, இருபத்தொன்பது எண்ணினோம்.